நீ பழுது பார்த்த விமானம்

இன்று மத்தியானம் கடை வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. டிரைவர் கதவைத் திறந்ததும் வெயிலில் வெந்த ரெக்சின் வாசனை முகத்தில் அடித்தது. சரக்கு எடுத்துக் கொடுக்கக் கை ஓடவில்லை. நீ போய் இத்தனை வருஷம் கழித்தும் அந்த வாசனைக்கு முதலில் அந்தப் பயம்தான் வருகிறது. அப்புறம்தான் உன் முகம் வருகிறது.

அப்போது மதுரையில் உன் இருதய ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முன்னால் பெங்களூர் போயே தீர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாய். விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தபோது நீ பழுது பார்த்த ரக விமானத்தை, அங்கே புதிதாகத் திறந்த அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்களாம். வழியில் சேலத்தில் உன் பழைய கூட்டாளியையும் பார்க்க வேண்டுமாம். படுத்துக்கொண்டே போவதானால் போகலாம் என்று டாக்டர் அரை மனசாகச் சொன்னார். உன் மச்சினன் தீப்பெட்டி பண்டல் ஏற்றும் வேனைக் கொடுத்தான். பின்னால் மெத்தை விரித்து, ஸ்டவ்வும் தண்ணீர்க் கேனும் வைத்து, ஜன்னலுக்குப் பழைய சேலையைத் திரையாகக் கட்டினோம். ஓட்டுவதற்கு நான்.

கிளம்பும்போது உன் மனைவி என் சட்டைப்பையில் மாத்திரையைப் போட்டாள். "ஒங்கள நம்பித்தான் அவியள அனுப்புதேன், அண்ணாச்சி. நெஞ்சு வலின்னா நாக்குக்கு அடியில வைங்க."

கரிசல் காடு பின்னால் போனதே எனக்குத் தெரியவில்லை. ரோட்டைவிடக் கண்ணாடியில் உன் நெஞ்சு ஏறி இறங்குவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏலே, முன்னால பாத்து ஓட்டு. என் நெஞ்சு நிக்கதுக்கு முன்ன நீ லாரியில விட்டுருவ போல."

நீ பேசினால் மூச்சு வாங்குமே என்று பயம். பேசாவிட்டால் அதைவிடப் பயம். நாமக்கல் பக்கம் உன் சத்தமே இல்லை. புளியமரத்தடியில் வேனை நிறுத்தி, பின்னால் ஏறி, உன் நெஞ்சில் கை வைத்தேன். ஒரு கண்ணை மட்டும் திறந்தாய். "இருக்கேன்லே. டீ குடிப்பமா?"

சேலத்தில் கூட்டாளியும் நீயும் சிரித்த சிரிப்பில் அந்த வீடே அதிர்ந்தது. கறிக்குழம்பை நீ ரெண்டாம் தடவை வாங்கியபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. புறப்படும்போது இருவரும் கையைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றீர்கள். இது வேறு மாதிரி விடைபெறுதலாகிவிடக் கூடாதே என்று நான் அவசர அவசரமாக வேனைக் கிளப்பினேன்.

அருங்காட்சியகத்தில் நீ முன்னால் நடந்தாய். விழுந்தால் தாங்கிக்கொள்ள நான் ஒட்டியே வந்தேன். அந்தச் சின்ன விமானத்தின் இறக்கைக்கு அடியில் உள்ளங்கையை வைத்தாய். தொடக் கூடாது என்றார் காவலாளி. கையை எடுத்து, பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாய். உன் முகம் வெளுத்திருந்தது. நான் மாத்திரையைத் தேடினேன்.

"வலிக்கா?"

"வலி இல்லலே. பயமா இருக்கு."

பள்ளிக்கூட நாளிலிருந்து பழகிய உன் வாயில் அந்த வார்த்தையை அன்றுதான் கேட்டேன்.

"எத்தன பேர இதுல மேல அனுப்பிருப்பேன். ஏறிப் போறவனுக்கு அங்கன சோலி இருக்கும், பயப்பட நேரம் இருக்காது. கீழ நிக்கவனுக்குத்தான் உயிர் போகும், எறங்குத சத்தம் கேக்குத வரைக்கும்." என்னைப் பார்த்தாய். "இந்தத் தடவ ஏறிப் போறது நான். நீயும் அவளும் கீழ நிக்கணும். அவ அழுவா. நீ ஓடிராத."

"எங்கனயும் போக மாட்டேன்" என்றேன்.

காவலாளி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நீ எழுந்துபோய் மறுபடி தொட்டாய்.

ஆபரேஷன் அன்று வராந்தாவில் உன் மனைவி அழுதாள். ஓடிப் போகாமல் நான் பக்கத்திலேயே நின்றேன். சாயங்காலம் நர்ஸ் வந்து, கண் திறந்துவிட்டார் என்றார். அப்புறமும் சில வருஷம் இருந்தாய். ஒரு காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபடியே போய்விட்டாய். கிளம்புகிறாய் என்று யாருக்கும் தெரியவில்லை. கீழே நிற்க எங்களுக்கு வாய்க்கவில்லை.

மகள் சென்னையிலிருந்து பஸ் ஏறினால் எனக்கு இன்றும் தூக்கம் வராது. முன்பெல்லாம் அந்தப் பயத்தைக் கோபமாக்கி அவள் மேலேயே கொட்டுவேன். இப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நிற்கிறேன்.

"எதுக்குப்பா விடியுமுன்ன வந்து நிக்கீங்க?" என்கிறாள்.

"சும்மாதான்மா" என்று பையை வாங்கிக்கொள்கிறேன்.