பாதி ஓவன்

ஜன. 2, 1997. வியாழன்

காலை மூடுபனி. ஃபேக்டரி சங்கு கேட்டது, எதிர் பிளாக் தெரியவில்லை. ஸ்கூல் திறப்பது திங்கட்கிழமை. திருத்த வேண்டிய தையல் நோட்டு 42. திருத்தியது 0.

தம்பி சேவியர் எட்டரைக்கெல்லாம் கள்ளிக்குப்பத்திலிருந்து வந்துவிட்டான். மாமியார் வீட்டில் மூன்று நாளாக இட்லியாம். கப்பல் சமையல்காரனுக்கு இறங்கவில்லையாம். கையில் தெர்மோகோல் பெட்டி, உள்ளே ஐஸ், ஐசுக்குள் பேக்கன் பாக்கெட். "அக்கா, இன்னைக்கு நீ உக்காரு, நான் சமைக்கிறேன். அதான் வீட்ல ஓவன் வச்சிருக்கேன்னு லெட்டர்ல எழுதினியே."

எழுதினேன். "எங்கள் வீட்டு ஓவன்" என்று ஒரே லெட்டரில் இரண்டு இடத்தில்.

அவன் சொன்ன முறை, மறந்துபோவேன் என்று இங்கே:
எண்ணெய் ஒரு சொட்டு வேண்டாம்.
ஓவனை முன்னாடியே சூடு பண்ணக் கூடாது. ஆறின ஓவனில் வைத்துவிட்டுத்தான் சுவிட்ச். கொழுப்பு மெல்ல உருகி வரும்.
துண்டுகள் பக்கத்தில் பக்கத்தில். ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது.
திருப்பிப் போட வேண்டாம்.
அடியில் தட்டு அவசியம்.

வீட்டில் இருந்தது கேக் தட்டுதான். கேக் தட்டில் கறி வாடை ஏறிவிடுமே என்று, அவன் வெளியே சிகரெட் பிடிக்கப் போன சமயத்தில் நானே கம்பி வலையில் நேராகப் பரப்பி மூடிச் சுவிட்சைப் போட்டுவிட்டேன். என் சாமர்த்தியம். கால் மணியில் வீடு முழுக்கப் புகை. கொழுப்பு சொட்டுச் சொட்டாக அடியில் பழுக்கும் காயில் கம்பி மேல். சேவியர் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினான்.

ஆனால் ருசி. அப்பளம் போல நொறுங்கியது, உப்பும் புகையுமாக. இவருக்கு இரண்டாம் ஷிஃப்ட், வீட்டில்தான் இருந்தார். ஏழு துண்டு தின்றார். கல்யாணமாகி இருபது வருஷத்தில் என் சமையலுக்கு இப்படிக் கண் மூடியதில்லை.

மாலை 5. இவர் டியூட்டிக்கு, தம்பி கள்ளிக்குப்பத்துக்கு. மீதி நாலு துண்டை எடுத்து வைக்கப் பின்பக்கம் தொங்கும் மண்சட்டியை எடுத்தேன். கழுத்தில் சிவப்பு நாடா கட்டின சட்டி. பன்றிக்கறிக்கு மட்டும் அது. அதற்குத் தனிக் கரண்டி, தனித் தட்டு. பக்கத்து வீட்டு ஜுபைதாவோடு ஒன்பது வருஷமாகப் பண்டம் கொடுத்து வாங்குகிறோம். அவள் வீட்டுக்குப் போகிற பாத்திரத்தில் அது படக் கூடாது என்று எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம். அவள் கேட்டதில்லை.

சட்டியைக் கையில் எடுத்ததும்தான் உறைத்தது. ஓவன் பாதி அவளுடையது.

இரண்டு பேரும் சேர்ந்து வாங்கினது. கிறிஸ்துமஸுக்கு இங்கே, ரம்ஜானுக்கு அங்கே.

காலையிலிருந்து ஒரு தடவைகூட "பன்றி" என்று தோன்றவில்லை. பாக்கெட்டில் இங்கிலீஷ், ரிப்பன் மாதிரி வெட்டின துண்டுகள், தம்பியின் கப்பல் கதைகள். மார்க்கெட்டில் இலையில் கட்டித் தந்திருந்தால் கை தானாகச் சட்டிக்குப் போயிருக்கும்.

நாலு துண்டையும் நாய்க்குப் போட்டேன்.

ஜன. 3, வெள்ளி

பனி. தலைவலி. நோட்டு திருத்தியது 6.

துணி காயப்போடும்போது ஜுபைதா பின்சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். பூந்தமல்லிப் பெண். பேச ஆரம்பித்தால் சுவர் இருக்கிறதா என்றே தெரியாது.

"யக்கா, ஞாயித்துக்கெழம வந்து ஓவனை எத்துகினு போறேன். அடுத்த வாரம் நோம்பு வந்துரும். பன்னு போடணும், நான்கட்டாய் போடணும், ஏகப்பட்ட வேல கீது. ஆமா, நேத்து இன்னா அவ்ளோ பொக?"

"தம்பி வந்திருந்தான். சமைக்கிறேன்னு எதையோ கருக்கிட்டான்."

கருக்கியது நான். பழி தம்பி மேல். அவள் சிரித்தாள். "ஆம்பளைங்கள அடுப்பாண்ட உட்டா அப்டித்தான்." நானும் சிரித்தேன்.

ஜன. 4, சனி

தேய்த்தவை: சோடா உப்பு, எலுமிச்சை 5, வினிகர், அடுப்புச் சாம்பல், மறுபடி சோடா உப்பு. மேலே பளபளப்பு. காயில் கம்பி இருக்கும் அடிப்பக்கத்துக்குள் கை போகவில்லை. சுவிட்சைப் போட்டால் இரண்டு நிமிடத்தில் அதே வாசனை. முந்தாநாள் எச்சில் ஊறிய வாசனைதான்.

இவர் சாப்பிட்டுக்கொண்டே, "தொடச்சுக் குடுத்துடு. அவங்களுக்கு எப்படித் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"உனக்குத் தெரிஞ்சா என்ன, நீயா நோம்பு இருக்கப் போற?"

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

மாலை தம்பி வந்தான். சொன்னேன். அவன் முகம் போன போக்கு. "அக்கா, கப்பல்ல முஸ்லிம் ஆளுங்களுக்குத் தனி கத்தி, தனி தட்டு, தனி சட்டி. கலந்துடுச்சுன்னா நானே போய்ச் சொல்லிடுவேன். திட்டுவானுங்க. ஆனா அடுத்த வேளை என் கையால சாப்பிடுவானுங்க." பிறகு, "பாதிதான் உன்னுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பாக்கெட்டையே பிரிச்சிருக்க மாட்டேனே."

ஏன் சொல்லவில்லை? ஊர் ஊராகச் சுற்றி வருகிறவனிடம் எனக்கும் ஒன்று சொந்தமாக இருக்கிறது என்று காட்டிக்கொள்ள. அவ்வளவுதான். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ஜன. 5, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பிரசங்கம் காதில் ஏறவில்லை. மனசில் பொய்யை வைத்துக்கொண்டு நன்மை அப்பம் வாங்க எழுந்திருக்கவில்லை. இவர் திரும்பிப் பார்த்தார்.

வந்ததும் செய்த காரியம்: துணி வெட்டும் கத்திரியால் ஓவன் வயரை வெட்டினேன். எலி கடித்தது போல இருக்கட்டும் என்று ஓரத்தைக் கொஞ்சம் பிய்த்தும் விட்டேன். ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறது என்று நோன்பை ஓட்டிவிடலாம், அதற்குள் எப்படியாவது புது ஓவன் வாங்கிவிடலாம் என்று கணக்கு.

மா. 4 ஜுபைதா. "எலி கடிச்சுடுச்சு ஜுபைதா" என்றேன். குரல் எப்படி அவ்வளவு இயல்பாக வந்ததோ.

"அட, எலிதானே? இதுக்கா மூஞ்சிய தொங்கப் போட்டுகினு கீற? இரு, எங்க ஊட்டுக்காரரக் கூட்டியாறேன்."

கரீம் பாய் ஃபேக்டரியில் எலக்ட்ரீசியன். எங்கள் வீட்டு ஃபேன், மிக்சி, அயர்ன் பாக்ஸ் எல்லாம் அவர் கைபட்டது. தெரியாதா எனக்கு? வயரை வெட்டும்போது ஞாபகம் வரவில்லை. பழக்கமில்லாத திருட்டு.

வந்தார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வயரை வெளிச்சத்தில் பிடித்தார். "டீச்சர், இது எலி கட்சது இல்ல. கத்திரி." யாரையும் குற்றம் சொல்லும் குரலில்லை. பசங்க யாராவது விளையாட்டாக வெட்டியிருப்பார்கள் என்று அவரே ஒரு காரணமும் சொன்னார். ஜுபைதா என்னைப் பார்த்தாள். அவர் ஓவனைக் கவிழ்த்து அடிமூடியின் ஸ்குருவைக் கழற்றினார். உள்ளே மஞ்சளாக உறைந்துபோன கொழுப்பு. "இன்னாது இது, நெய்யா?" என்று விரலை நீட்டினார்.

"தொடாதீங்க பாய்!"

கத்திவிட்டேன். உள்ளறையிலிருந்து இவர் ஓடிவந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பேக்கன், பன்றி, கம்பி வலை, தம்பி மேல் போட்ட பழி, கத்திரி. சொல்லி முடித்தபோது பாய் கையை முன்னால் நீட்டினபடியே இருந்தார், எங்கே வைப்பது என்று தெரியாமல். எதையும் தொடவில்லை அந்தக் கை. அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

ஜுபைதா "வாங்க போலாம்" என்று அவரிடம் மட்டும் சொன்னாள். போய்விட்டார்கள்.

அழுதேன். இவர் டீ போட்டுக் கொடுத்தார்.

ஜன. 6, திங்கள்

ஸ்கூல். எட்டாம் வகுப்புக்குக் காஜா தையல். கத்திரியை எடுக்கப் பிடிக்கவில்லை, லீடரை வெட்டச் சொன்னேன்.

சேக்காடு பஸ்ஸில் கண்டக்டர்: "உள்ள போம்மா, உள்ள எடம் கீது, மன்சுலதான் இல்ல." பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. அவர் என்ன கண்டார் பாவம்.

பின்சுவர்ப் பக்கம் யாரும் வரவில்லை.

ஜன. 7, செவ்வாய்

ஜுபைதாவின் தூக்கு என்னிடம் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்குப் பாயசம் வந்த தூக்கு. வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இரண்டு வீட்டிலும் இல்லை. எதைப் போட்டுக் கொடுப்பது? என் அடுப்பில் செய்த எது இனி அவள் வாய்க்குப் போகும்?

கடைசியில் சர்க்கரை. பிரிக்காத பாக்கெட்டை அவள் தூக்கில் அப்படியே கவிழ்த்தேன், என் கரண்டி படாமல். மூடிச் சுவர் மேல் வைத்தேன். காலை 7 மணி.

மா. 6. அங்கேயே.

குழாயடியில் அவளைப் பார்த்தேன். குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். முறைக்கவில்லை, திரும்பிக்கொள்ளவும் இல்லை. முன்பின் தெரியாதவளைப் பார்ப்பது போல ஒரு பார்வை. திட்டியிருக்கலாம். நாலு பேர் முன்னால் கத்தியிருக்கலாம். தாங்கிக்கொண்டிருப்பேன்.

ஜன. 8, புதன்

தூக்கு அங்கேயே. எறும்பு ஏற ஆரம்பித்துவிட்டது.

நோட்டு எல்லாம் முடிந்தது. வேறு வேலை இல்லாததால்.

இவர்: "விடு. காலம் போனா எல்லாம் சரியாயிடும்." ஆகாது. காலம் போனால் இப்படியே பழகிவிடும். அதுதான் பயம். எனக்கு இந்தக் காலனியில் வேறு யாரும் இல்லை. பேசுவதற்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள், அது வேறு.

ஜன. 9, வியாழன்

வெயில். பனி விட்டது.

ஸ்கூலிலிருந்து வந்து செருப்பைக் கழற்றவில்லை, வாசலில் ஜுபைதா. கையில் தூக்கு.

"எறும்பு மொய்க்கிது. கண்ணு இல்ல உனக்கு?"

உள்ளே வந்து, முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பின்பக்கம் குழாய்க்கு எதிரே உட்கார்ந்தாள். "எட்தா அத்த."

"எதை?"

"ஓவனைத்தான். பள்ளிவாசல் ஹஜ்ரத்து கையில எங்க ஊட்டுக்காரரு கேட்டாரு. நல்லா கழுவிட்டா போதும்னு சொல்ட்டாரு. காயிலு, வயரு எல்லாம் குமணஞ்சாவடில புச்சு வாங்கியாந்து வச்சிகீறாரு. பழசைக் கழட்டித் தூர எறி. நீதான் கழுவணும். நான் பாக்கணும்."

கழற்றினேன். ஸ்குருடிரைவர் இரண்டு தடவை வழுக்கியது. உதவிக்குக் கை நீட்டவில்லை அவள். வெந்நீர், சோப்பு, தேங்காய் நார். புடவையைச் செருகிக்கொண்டு குந்தி உட்கார்ந்து தேய்த்தேன். "மூலைல." தேய்த்தேன். "மூடி." தேய்த்தேன். "கம்பி வலைய தூக்கிப் போட்டுரு, அது வாணாம்." போட்டேன்.

மூன்றாம் தண்ணீர் ஊற்றும்போது சொன்னாள். "தெரியாம பண்ட்ட. அத்த நான் அன்னிக்கே உட்டுட்டேன். எலி கட்ச்சிச்சின்னு சொன்ன பாரு. அவுரு கத்திரின்னு சொன்னப்போ உன் மூஞ்சியப் பாத்தேன். ஒம்போது வருசத்துல அந்த மூஞ்சிய நான் பாத்ததே இல்லக்கா. யாரோ மாரி இருந்துச்சு."

"தப்புதான்" என்றேன். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்டிருக்காதோ என்று திரும்பவும் சொன்னேன்.

அவள் கண் மேலே போனது. "இன்னா சட்டி அது, ரிப்பன் கட்டிகினு?"

சொன்னேன். எதற்கு அந்தச் சட்டி, எத்தனை வருஷமாக.

"ஒரு நாளும் சொன்னதே இல்லியே."

"சொல்ற விஷயமா இது?"

சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பிறகு முக்காலியிலிருந்து இறங்கி, என் பக்கத்தில் குந்தி, ஓவனுக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தாள். ரொம்ப நேரம்.

"இன்னும் கீதுக்கா வாசன. இன்னொரு தபா கழுவணும். இன்னிக்கு இருட்டிடுச்சு, நாளிக்கு வரேன். டீ போடு."

என் வீட்டு டம்ளரில் குடித்தாள். அவள் போனபிறகு நானும் தலையை விட்டு மோந்து பார்த்தேன். சோப்பு வாசனை மட்டும்தான். நாளைக்கு அவளிடம் இதைச் சொல்லப் போவதில்லை.