குளத்தடியில் கேட்கும் ஒலி

சின்ன காஞ்சிபுரம்
8.7.2024

அன்புள்ள அனுவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். போனில் பேசினால் உன் அத்தையின் காது இந்தப் பக்கமே இருக்கும். அதனால் எழுதுகிறேன்.

நீ போனதிலிருந்து உன் மாடுலர் சிந்தசைசரின் ஒரு ஒயரைக்கூட நான் அசைக்கவில்லை. பெயிண்ட் பிரஷ்ஷால் தூசியை மட்டும் தட்டுகிறேன். வாசிக்கக் கட்டைகளே இல்லாமல், ஒயர்களைச் செருகியே ஒலி உண்டாக்கும் இதை முதலில் பார்த்தபோது டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் என்று நினைத்தவன் நான். இப்போது தினமும் சாயங்காலம் சுவிட்சைப் போட்டுக் கேட்கிறேன்.

அனந்தசரஸ் குளத்தடியில் படுத்திருக்கும் அத்தி வரதருக்கு என்னம்மா கேட்கும் என்று விளையாட்டாகக் கேட்டேன். நீ செய்தே காட்டிவிட்டாய். ஒரு மீன் திரும்புகிறது; மேலே யாரோ படியிறங்குகிறார்கள். நேற்றுக் கேட்டது இன்று அப்படியே வருவதில்லை. பள்ளியில் ஒலி பாடம் நடத்தியே ஓய்வு பெற்றவன், ஒலியைக் கையால் செய்வதை உன்னிடம்தான் பார்த்தேன்.

"அந்தப் பொட்டியா, நானா" என்று சரத்குமார் உன்னைக் கேட்டது தவறு. என் பிள்ளை என்பதால் அது சரியாகிவிடாது. நீ திரும்பி வருவாயா என்று அத்தை கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
வரதராஜன்


சென்னை
15.7.2024

அன்புள்ள மாமாவுக்கு,

பெயிண்ட் பிரஷ் விஷயத்தை ஸ்டுடியோவில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.

ஒரு படத்தின் ஒலி வடிவமைப்பு முழுவதும் என் பொறுப்பில் வந்திருக்கிறது. வடபழனியில் அறை எடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வேன் அனுப்புகிறேன், சிந்தசைசரை ஏற்றிவிடுங்கள். ஒயர்களோடு தூக்கினால் அவை செருகியிருக்கும் துளைகள் உடையும். முதலில் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.

அந்தக் குளத்தடி ஒலி போய்விடும். ஒயர்களைப் போட்டோ எடுத்தும் பயனில்லை. இதற்கு ஞாபகமே கிடையாது, குமிழ் மயிரிழை நகர்ந்தால் வேறு ஒலி. மூன்று நிமிஷம் பதிவு செய்திருக்கிறேன். ஆனால் அது குளத்தை ஒரு சொம்பில் மொண்டு வந்த மாதிரிதான்.

அத்தையின் கேள்விக்கு இன்னும் பதில் தெரியவில்லை மாமா. உங்கள் பிள்ளை இந்தப் பெட்டி வேண்டாம் என்று சொன்னதுகூடப் பரவாயில்லை. ஒருநாளும் உட்கார்ந்து கேட்காமலே சொன்னார்.

அனு


சின்ன காஞ்சிபுரம்
21.7.2024

அன்புள்ள அனுவுக்கு,

இந்தக் கடிதத்தை ஒயர்களோடு பெட்டியில் வைக்கிறேன்.

கழற்றுவதற்கு முன் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டேன். "இந்தப் பேய்க் கூச்சல கேக்கவா கூப்ட்டீங்க" என்று வந்த உன் அத்தை அரைமணி நேரம் எழுந்திருக்கவில்லை. "டேய், கொளத்துல முங்கிக்கினு இருக்கறா மாதிரியே இருக்குதுடா" என்றாள் சரத்திடம். அவன் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தான்.

ஒவ்வொன்றாக எடுத்தேன். வகுப்பிலிருந்து பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளியே போகும்போதுதான் எந்தக் குரல் யாருடையது என்று தெரியும், அப்படி இருந்தது. சிவப்பு ஒயரை எடுத்ததும் மீன் போயிற்று. மஞ்சளை எடுத்ததும் படியிறங்கியவர் போய்விட்டார். கடைசி ஒயரில் டிரான்ஸ்ஃபார்மர் போல 'ம்ம்' என்று ஒரே இரைச்சல்தான் மிஞ்சியது.

"இன்னாப்பா, இவ்ளோதானா மிஷினு?" என்றான் சரத்.

"இவ்ளோதான்."

"அப்ப மீதியெல்லாம்?"

நீ உட்காரும் நாற்காலியைக் காட்டினேன். அந்த இரைச்சலையே கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு அந்த ஒயரை அவனே கழற்றினான். வேனில் தானும் வரட்டுமா என்று கேட்டான். என்னைக் கேட்காதே, அவளைக் கேள் என்றேன். போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போயிருக்கிறான். வேன் வாசலில் நிற்கிறது.

அவன் கூப்பிட்டு, நீ எடுத்தாலும் சரி, எடுக்காவிட்டாலும் சரி. அங்கே புதிதாக ஒரு ஒலி அமைந்ததும் எனக்குச் சொல். பஸ் ஏறி வந்து கேட்கிறேன்.

பெயிண்ட் பிரஷ்ஷும் உள்ளே இருக்கிறது.

அன்புடன்,
மாமா