அம்மாவின் அறுபது புள்ளிகள்

நவம்பர் 10, திங்கள்

ஈரப் பனி. நாலரைக்கே இருட்டு. சப்பாத்துக்குள் தண்ணீர்.

இந்தக் கொப்பி யார் கையில் கிடைத்தாலும், காலைப் பிடித்துக் கேட்கிறேன், மூடி வைத்துவிடுங்கள். அம்மாவிடம் காட்ட வேண்டாம். துஷி அன்ரியிடம் உயிர் போனாலும் வேண்டாம். நோர்வேஜிய மொழியில் என்றால் வேகமாக எழுதுவேன். ஆனால் அந்த மொழியில் நான் எழுதிய ஒரு வரிதான் இப்போது கழுத்தைப் பிடிக்கிறது.

இருப்பது குளியலறையில். அம்மருட் அடுக்குமாடியில் எட்டாம் மாடி. கதவு பூட்டியாயிற்று, மின்விசிறி ஓடுகிறது. அழுக்குத்துணிக் கூடையின் மேல் நான்.

கொம்யூனில், அதாவது நகரசபையில் இருந்து அம்மாவுக்குக் கடிதம். எல்லா ஆசிரியர்களின் சம்பளப் படியையும் மீண்டும் சரிபார்க்கிறார்களாம். பட்டச் சான்றிதழ் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம்.

இந்த நாட்டில் ஆசிரியருக்கு மதிப்பு கற்பிப்பதில் இல்லை, புள்ளியில். ஒரு வருடப் படிப்புக்கு அறுபது. நாலு வருடம் என்றால் இருநூற்று நாற்பது, ஒரு படி. முந்நூறு என்றால் அடுத்த படி. எதைப் படித்தாலும் ஏறலாம் போலிருக்கிறது. அம்மாவின் பள்ளியில் ஒருவர் காட்டில் நெருப்பு மூட்டப் படித்து முப்பது புள்ளி வாங்கியிருக்கிறார். அவர் கற்பிப்பது ஆங்கிலம்.

அம்மா முந்நூறில் நிற்கிறார். இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே நீலக் கோப்பைத் திறந்து, யாழ்ப்பாணத்துச் சான்றிதழைப் படம் எடுத்து அனுப்பிவிட்டார். பாட்டு வேறு முணுமுணுத்தார். நான் பாதிச் சோற்றில் எழும்பி இங்கே வந்துவிட்டேன்.

நவம்பர் 11, செவ்வாய்

மழை. துஷி அன்ரி ரோல்சோடு வந்தார். அவரும் ரீச்சர், சின்ன வகுப்புகளுக்கு. இரண்டு பெரிய மனிதர்கள் பேசியதை அப்படியே எழுதுகிறேன்:

"அக்கா, நீங்கள் இப்ப எத்தினையில நிக்கிறியள்?"

"முந்நூறு."

"முந்நூறோ! எனக்கு அந்தக் கொம்யூன்காரி ஒரு புள்ளி கூட்டித் தரமாட்டன் எண்டு நிண்டவள். ரெண்டு வருசம் ஒன்லைன்ல படிச்செல்லோ ஏறினனான்."

"நான் ஸ்பெஷல் செய்தனான், துஷி. நீர் ஜெனரல்."

"ஓமோம், நீங்கள் ஸ்பெஷல்தான். ரோல்ஸ் எடுங்கோ."

அன்ரியின் சிரிப்பில் எண்ணெய். அம்மாவின் கழுத்து அரை முழம் நீண்டது. கூரை ஏறிய கோழிகள். ஒரு காலத்தில் இந்த நாட்டுக்கு வீடு வாசல் இல்லாமல் வந்தவர்களாம், இப்போது படி எண்ணுகிறார்கள்.

சரி. எழுதிவிடுகிறேன்.

அம்மாவுக்கு வேலை கிடைத்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. கொம்யூனின் படிவத்தை அப்பா மேசையில் வைத்து, "நீ நிரப்பு பிள்ளை, உன்ர நோர்ஸ்க் மொழிதான் நல்லது" என்றார். சான்றிதழில் கணிதம், பக்கத்தில் "ஸ்பெஷல்". அங்கே அதன் பொருள், ஒரே பாடத்தை நாலு வருடம் ஆழமாகப் படிக்கத் தெரிந்தெடுக்கப்பட்டவர். ஜெனரல் என்றால் மூன்று வருடம். எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்த ஸ்பெஷல், என் வகுப்பில் யூனாஸை மட்டும் சின்ன அறைக்குக் கூட்டிப்போன ஸ்பெஷல் ஆசிரியை. ஆகவே எழுதினேன்: கணிதம் நாலு வருடம். அதன்கீழே புதுவரி: சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான கல்வி, ஒரு வருடம். ஒரு வருடம் என்று ஏன் போட்டேன்? பெட்டி வெறுமையாக இருந்தது. வெறுமையாக விட்டால் பிழை என்று நினைத்தேன்.

அம்மா வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார், அடுப்பில் கறி. கொம்யூன்காரியும் "ஸ்பெஷல்" என்ற சொல்லைக் கண்டு தலையாட்டியிருப்பாள். சோம்பேறி. என்னை விடவும்.

அறுபது புள்ளி. நான் கொடுத்தது.

நவம்பர் 12, புதன்

வழுக்கும் ஐஸ். பஸ் பிந்தியது. கணிதச் சோதனை, மோசம்.

எங்கள் கணித ஆசிரியர் உச்சிப் படியில் இருப்பவர். சார்புக் கணக்கு விளங்கவில்லை என்று கேட்டால் "வீடியோ இருக்கு" என்கிறார். அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டே ஐந்து நிமிடத்தில் விளக்குவார். இதற்கு எத்தனை புள்ளி?

சொல்லலாம். சொல்லாமல் விடலாம். சொன்னால் அம்மா ஒரு படி இறங்குவார். சொல்லாவிட்டால் கள்ளப் படிவம் கொடுத்தவர் ஆவார். வேலையே போகலாம். இரண்டு தடவை வாய் திறந்தேன். இரண்டு தடவையும் கேட்டது, "தயிர் இருக்கா?"

நானும் கோழைதான். மற்றவர்களைத் திட்ட மட்டும் வாய் இருக்கிறது.

நவம்பர் 13, வியாழன்

காற்று. ஆறு மணி.

கொம்யூன் பதில் எழுதிவிட்டது. சிறப்புக் கல்விக்கான சான்றிதழ் எங்கே என்று கேட்டு, பழைய படிவத்தின் பிரதியையும் இணைத்திருக்கிறார்கள். அம்மா வேலையிலேயே அச்செடுத்து வந்திருக்கிறார். கதவடியில் காது வைத்து எழுதுகிறேன். விசிறியை நிறுத்திவிட்டேன்.

"படி இறங்கிறது பெரிசில்லை. என்னைக் கள்ளி எண்டெல்லே நினைப்பினம். நாளைக்கு நான் எந்த முகத்தோட வகுப்புக்குள்ள போறது?"

அப்பா எழும்புகிறார் போல. கதிரை இழுபடும் சத்தம்.

"இதை ஆர் நிரப்பினது?"

"நான்தான்."

அப்பா. பொய். தன் பெயரைக்கூட நோர்வேக்காரருக்கு எழுத்துக்கூட்டிச் சொல்லத் தடுமாறும் அப்பா. நாலு நாளாக எல்லாரையும் இளக்காரமாக எழுதினேனே, அவருக்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை.

அம்மா சிரிக்கிறார். நல்ல சிரிப்பு இல்லை.

"நீங்களோ? இஞ்சை பாருங்கோ. 'i' எழுத்துக்கெல்லாம் மேல புள்ளி இல்லை, குட்டி வட்டம். நீங்கள் எப்ப இருந்து வட்டம் போடுறியள்?"

அந்த வயதில் எல்லாவற்றுக்கும் வட்டம் போட்டேன். அழகு என்று.

"அவளுக்கு அப்ப பன்னிரண்டு வயசு. நான்தான் குடுத்தனான். அவளை ஒண்டும் கேளாதையும்."

 அம்மாவின் செருப்புச் சத்தம். நடையில் வருகிறது. கொப்பியைக் கூடைக்குள், துவாய்க்குக் கீழே ஒளிக்க வேண்டும்.

தட்டுகிறார். "பிள்ளை." கோபக் குரல் இல்லை, அதுதான் பயமாக இரு