இடது பக்க ஜன்னல்

ராசாவுக்கு,

"ஏர்போர்ட் பக்கத்துல ஒரு ராத்திரிக்கு ஃபேமிலி ரூம் பாரும்மா, விடிஞ்சதும் கார்ல கன்னியாகுமரி போறோம்"னு போன்ல சொன்னயில்ல? பார்த்துட்டேன். பெருங்குடியில பஸ்ஸை விட்டு இறங்கி ஒவ்வொரு லாட்ஜா ஏறி இறங்கினேன். இங்க ஏசி இருக்கு. பெட்ஷீட்டை மோந்தே பார்த்துட்டேன், சுத்தமா இருக்கு. மருமக முகம் சுளிக்க மாட்டா.

நம்ம வீடு வசதிப்படாதுன்னு நீ சொன்னதை மட்டும் உங்கப்பாகிட்டச் சொல்லல. உன் கல்யாணத்துக்கே வராத மனுசன், வாயால கூப்பிட மாட்டாரு. ஆனா போன மாசம் கொத்தனாரைக் கூட்டியாந்து வெஸ்டர்ன் டாய்லெட் கட்டியிருக்காரு. யாருக்குன்னு நான் கேக்கல.

ரூம் போடுறப்ப மேனேஜர், "வரப்போறவங்க உங்களுக்கு என்ன வேணும்?"னு கேட்டாரு. உறவைத்தான் கேக்காருன்னு எனக்கு உறைக்கவே இல்ல. "ஒண்ணும் வேண்டாம்யா, ஒருதடவை கண்ணால பார்த்தாப் போதும்"னு சொல்லிட்டேன். அவரு பேனாவைக் கீழ வச்சுட்டு, எந்திரிச்சு எனக்கு நாற்காலி போட்டாரு. இந்தக் கடுதாசியை அவருகிட்டதான் குடுத்துட்டுப் போறேன்.

கன்னியாகுமரி ரோடு திருமங்கலத்துல நம்ம வீட்டை ஒட்டித்தான் போகுது. நீ நிறுத்த வேண்டாம். வீடு இடது கைப்பக்கம், வாசல்ல நிப்போம். பாப்பாவை இடது பக்க ஜன்னல்ல உக்கார வையி. உங்கப்பாவுக்கு இப்ப பார்வை அம்புட்டுத் தெளிவில்ல, கண்ணாடியை மட்டும் இறக்கி விடு.

உன் அம்மா