புகை பென்சன் எடுக்காது

மச்சான்,

நேற்றுக் காலையில் தன்னாமுனைச் சந்தியில் ஓட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தேன். பின்பக்கத்து மில்லில் உமிக் குவியல் புகைந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் மூக்கைச் சுளித்துவிட்டுத் தங்கள் பாட்டில் போனார்கள். எனக்கோ அந்த மணம் வந்ததும் வலது கை தானாகவே முன்னால் நீண்டு எதையோ பிடிக்கத் தேடியது. உன் இடுப்புப் பட்டியைத்தான் தேடியது. பக்கத்தில் நின்ற பெண்ணொருத்தி, கிழவனுக்கு மயக்கம் வருகிறதாக்கும் என்று நினைத்து, "ஐயா, இரிங்க, இரிங்க" என்று கடை வாங்கைக் காட்டினாள். சிரித்துச் சமாளித்தேன்.

நான் போக வேண்டியிருந்தது கல்லடிக்கு, உன் வீட்டுக்கு. உன் மனுசி பூமணியைக் கூட்டிக்கொண்டு மறுபடி பாலம் தாண்டி டவுனில் ஒரு கூட்டத்துக்குப் போக வேண்டும். என்ன கூட்டம் என்று சொன்னால் நீ படுத்திருக்கிற இடத்திலிருந்து எழும்பி வந்துவிடுவாய். தீயணைப்புக்காரர்களுக்கென்று தனியாக இருக்கிற நம் ஓய்வூதிய நிதியைப் பெரிய பொது நிதி ஒன்றோடு சேர்த்துவிடப் போகிறார்களாம். அதை நமக்கு விளங்கப்படுத்த மேலிடத்திலிருந்து ஒருவர் வருகிறாராம். "விளங்கப்படுத்த வாறாங்க எண்டா முடிவெடுத்துப்போட்டு வாறாங்க" என்று நீ சொல்வாயே, அது ஓட்டோ முழுக்க என் காதில் கேட்டுக்கொண்டே வந்தது.

அந்த உமிப் புகையை நீயும் நானும் நெஞ்சு நிறைய வாங்கியது பனிச்சங்கேணியில். அங்கே ஒரு மில் எரிகிறது என்று தகவல் வந்தது. வடக்கே அவ்வளவு தூரத்துக்குப் போக நம்மை விட்டால் வேறு வண்டி இல்லை. நமக்கெல்லாம் மூத்த அண்ணன் போன்ற காத்தான்குடி ஹனீபா காக்காதான் ஓட்டினார். போய்ச் சேர்ந்தபோது கூரை இறங்கி, நெருப்பு அடங்கினாற்போல இருந்தது. கூடி நின்ற சனம் இனிப் பயமில்லை என்றது. நீ மட்டும் பின்னால் கிடந்த உமிக் குவியலையே பார்த்துக்கொண்டு நின்றாய். மேலே வெறும் சாம்பல். உள்ளே கனன்றுகொண்டிருந்தது. அதற்கு மேலே எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் உள்ளே இறங்காது, மண்வெட்டியால் கிளறிக் கிளறித்தான் அணைக்க வேண்டும். காற்று ஓலை வேலிகள் இருந்த பக்கமாக வீசியது. அந்தப் பக்கம் வீடுகள்.

முகமூடி கேட்டுக் கேட்டு நாம் அலுத்துப்போயிருந்த காலம் அது. வரும், வரும் என்றார்கள். கடைசியில் நமக்கு வாய்த்தது நனைத்த துவாய்தான், அதுவும் அவரவர் வீட்டுத் துவாய். நீ அதை மூக்கில் கட்டிக்கொண்டு முன்னால் போனாய். நான் பின்னால் நின்று உன் பட்டியைப் பிடித்துக்கொண்டேன். முன்னால் போகிறவனுக்குப் புகையில் கண் தெரியாது, ஆகவே பின்னால் நிற்பவன் அவன் பட்டியைப் பிடித்திருக்க வேண்டும். முன்னவன் வாய் திறந்து "விடு" என்று சொல்லும்வரை, என்ன வந்தாலும் கையை எடுக்கக் கூடாது. அன்றைக்கு வெயில் சாயும்வரை நீ அந்தச் சொல்லைச் சொல்லவேயில்லை.

எல்லாம் அணைந்த பிறகு களப்புத் தண்ணீரோரம் காக்கா பேர் கூப்பிட்டார். அதுவும் நம் வழக்கம். எந்தத் தீயிலிருந்தும் புறப்படும் முன் வண்டி ஓட்டுகிறவர் எல்லோருடைய பேரையும் உரத்துக் கூப்பிடுவார். அவரை முட்டிக்கொண்டு நின்றாலும் ஒவ்வொருவனும் "நிக்கிறன்" என்று சொல்லியாக வேண்டும். ஒரு குரல் குறைந்தாலும் வண்டி நகராது. உன் பேர் வந்தபோது நீ குனிந்து இருமிக்கொண்டிருந்தாய். காக்கா அடுத்த பேருக்குப் போகாமல் காத்திருந்தார். நீ கறுப்பாகத் துப்பிவிட்டு நிமிர்ந்து, "நிக்கிறன் காக்கா, எங்க போக?" என்றாய். எல்லோரும் சிரித்தோம்.

வேலையில் இருந்த காலமெல்லாம் அந்தப் புகை உன்னை ஒன்றும் செய்யவில்லை. ஓய்வுபெற்று, தோணி வாங்கி, இறாலுக்குப் போகப்போகிறேன் என்று நீ எல்லோரிடமும் பெருமையடித்த பிறகுதான் இருமல் வந்தது. தோணி கரையிலேயே கிடந்து காய்ந்தது. ஆஸ்பத்திரியில் நெஞ்சுப் படத்தைப் பார்த்துவிட்டு, எவ்வளவு காலம் புகைக்குள் வேலை செய்தீர்கள் என்று கேட்டார்கள். அலுவலகத்திலோ, இந்த நெஞ்சு வருத்தம் வந்தது ஓய்வுக்குப் பிறகு, ஆகவே வேலையால் வந்த வருத்தம் ஆகாது என்றார்கள். நீ மேசையில் அடித்துச் சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. "நாங்க பென்சன் எடுத்தாலும் புகை பென்சன் எடுக்காது ஐயா!"

அதற்குப் பிறகு உனக்கு வேறு பேச்சே இல்லாமல் போனது. பஸ்ஸில் சொன்னாய், கல்யாண வீட்டில் சொன்னாய், ஒரு செத்த வீட்டிலும் சொல்லிப் பூமணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாய். மூச்சு வாங்க வாங்கப் படியேறி, கேட்காதவர்களையெல்லாம் கேட்க வைத்தாய். கடைசியில் நம் நிதியின் விதிகளில் அது ஏறியது. புகையால் வரும் வருத்தம் எப்போது வந்தாலும் கடமையில் பட்ட காயம்தான், அப்படி ஒருவன் போனால் அவன் மனைவிக்கு அந்த ஓய்வூதியம் குறையாமல் போக வேண்டும். அதோடு நீ நிற்கவில்லை. இறந்தவன் இடத்தில் அவன் மனைவி கூட்டத்தில் உட்கார வேண்டும், கை உயர்த்த வேண்டும் என்றும் சண்டை பிடித்து வாங்கினாய். கடைசியாக உன்னைப் பார்க்க வந்த அன்று, மூக்கில் குழாயோடு கிடந்துகொண்டு, பூமணியைப் பார்த்துக்கொள் என்று நீ சொல்லவில்லை. அப்படியெல்லாம் சொல்கிற ஆள் இல்லை நீ. "அந்த விதியப் பாத்துக்க மச்சான்" என்றாய்.

நேற்று மேலிடத்திலிருந்து வந்தவர் நல்ல மனிதர் போலத்தான் இருந்தார். சின்ன வயது, பணிவான பேச்சு, எல்லோருக்கும் கடிக்கப் பற்றிஸும் குடிக்கப் பிளேன்டீயும் ஒழுங்கு பண்ணியிருந்தார். திரையில் படங்கள் காட்டினார். சிறிய நிதிகள் பலவீனமானவை, நம் நிதியில் புதிதாகச் சேர்கிறவர்கள் குறைவு, எடுக்கிறவர்கள் அதிகம் என்றார். அதில் பொய்யில்லை, நமக்கும் அது தெரியும். பிறகு, "இனி எல்லாரும் ஒரே குடையின் கீழ் வருவீர்கள், எல்லோருக்கும் ஒரே விதி, இதுதான் சமத்துவம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடையைப் பிடிக்கப் போவது யார், நனையப் போவது யார் என்று அவர் சொல்லவேயில்லை.

எழும்பிக் கேட்டேன். "தம்பி, அந்த ஒரே விதியில எங்கட புகை விதி இருக்கா?"

அவர் தாள்களைப் புரட்டினார். வேலையில் இருக்கும்போது ஏற்படும் காயங்களுக்குப் பொது நிதி முழுப் பாதுகாப்பு அளிக்கிறது என்றார். வேலை முடிந்த பிறகு வருகிற புகை வருத்தம்? அது பொதுவான வருத்தமாகக் கணிக்கப்படும். ஏற்கெனவே எடுக்கிறவர்கள்? "மீளாய்வு செய்யப்படும், ஐயா." எவ்வளவு மெதுவாகச் சொன்னார் தெரியுமா, பிள்ளைக்கு மருந்து கொடுக்கிற குரலில்.

மீளாய்வு என்றால் என்ன? உன் பூமணி ஓர் அலுவலகத்து வாங்கில் போய் உட்கார்ந்து, என் புருஷனைக் கொன்றது பனிச்சங்கேணிப் புகைதான் என்று நிரூபிக்க வேண்டும். நிரூபிக்காவிட்டால் அவள் சாப்பாட்டில் பாதி போய்விடும். நான் விடவில்லை. "அந்தப் புகைக்குச் சாட்சி நான். அவன்ர பட்டியப் பிடிச்சுக்கொண்டு நிண்டவன் நான்" என்றேன். "அது மருத்துவச் சான்று ஆகாதே, ஐயா" என்றார். முகமூடி தராதபோது ஒரு சான்றும் தேவைப்படவில்லை, மச்சான். உள்ளே போ என்று சொல்ல ஒரு வாய் போதுமாக இருந்தது. நீ மூச்சுத் திணறிச் செத்ததற்கு மட்டும் கடதாசி வேண்டுமாம்!

இதைவிட மோசமானது பிறகு வந்தது. கருத்தறிய எல்லோரும் கை உயர்த்தும் நேரம் ஆனதும் அவர், "உறுப்பினர்கள் மட்டும் இருந்தால் நல்லது. அம்மாமார் பக்கத்து அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கலாம்" என்றார். ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல், உபசாரமாகவே சொன்னார். போனவன் இடத்தில் அவர்களும் கை உயர்த்தலாம் என்று நீ சண்டை பிடித்து வாங்கிய விதி அந்த ஒரு சொல்லில் போய்விட்டது. பூமணி மடியில் இருந்த பையை எடுத்துக்கொண்டு எழும்பத் தொடங்கிவிட்டாள். காலையில் வரும்போதே, "நான் வந்து என்ன அண்ணன் செய்ய, எனக்கு அங்க கதைக்கத் தெரியாது" என்று சொன்னவள் அவள். அவளோடு மற்றப் பெண்களும் சேலையைச் சரிசெய்துகொண்டு எழும்பினார்கள்.

அப்போதுதான் ஹனீபா காக்கா ஊன்றுகோலைத் தரையில் தட்டினார். காக்காவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. அவர் குரலுக்கு மட்டும் வயதாகவில்லை.

"மனே, கொஞ்சம் பொறுங்க. எங்கட ஆக்கள் கூடினா ஒரு வேல இரிக்கி. அது முடியாம நாங்க ஒண்டும் செய்யிறல்ல."

அதிகாரி சிரித்துக்கொண்டு தலையாட்டினார். ஏதோ துஆ ஓதப்போகிறார் என்று நினைத்திருப்பார். காக்கா பேர் கூப்பிடத் தொடங்கினார். என் பேர் முதலில் வந்தது. "நிக்கிறன்" என்றேன். அடுத்தவன் சொன்னான், அதற்கடுத்தவன் இருமிக்கொண்டு சொன்னான். பழைய வரிசை, வண்டியில் ஏறுகிற வரிசை. பிறகு, ஒரு கணமும் தயங்காமல், உன் பேரைக் கூப்பிட்டார்.

காக்கா அடுத்த பேருக்குப் போகவில்லை. களப்பு ஓரத்தில் உன் இருமலுக்காக நின்றது போலவே, முகத்தை மேலே தூக்கிக்கொண்டு காத்திருந்தார். கதவடியில் பையோடு நின்றவள் திரும்பினாள்.

"நிக்கிறன்" என்றாள் பூமணி.

குரல் மெல்லத்தான் வந்தது. காக்காவுக்குக் கேட்கவில்லையோ என்று பயந்தாளோ என்னவோ, இன்னொரு தரம், மீன்காரனைத் தெருமுனையிலிருந்து கூப்பிடுகிற குரலில் சொன்னாள். "அவர்ர இடத்தில நான் நிக்கிறன், காக்கா!" திரும்பி வந்து கதிரையில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். காக்கா அடுத்த பேரைக் கூப்பிட்டார். அதுவும் போய்விட்ட ஒருவனின் பேர்தான். அவன் மனைவியும் சொன்னாள். அடுத்தவளும் சொன்னாள். ஒருத்தியும் தேநீர் குடிக்கப் போகவில்லை.

அதிகாரி பேனையை மூடினார். பிறகு எவ்வளவு கேட்டும் ஒரு கையும் மேலே போகவில்லை. இன்று கருத்தறிய வேண்டாம், இன்னொரு நாள் வருகிறோம் என்றார். நாம் வென்றுவிட்டோம் என்று எழுத நான் முட்டாள் இல்லை, மச்சான். திரும்ப வருவார்கள். அடுத்த தரம் கூட்டமே வைக்காமல் முடிக்கவும் பார்ப்பார்கள். மேலே சாம்பலைக் காட்டி அணைந்துவிட்டது என்று சொல்கிறவர்களை நாம் பார்க்காதவர்களா? கிளறத்தான் வேண்டும். வரும் வெள்ளிக்கிழமை எல்லோரும் காக்கா வீட்டில் கூடுகிறோம். பூமணியும் வருகிறாள், இந்த முறை நீங்கள் கூப்பிடாமலே வருகிறேன் என்றுவிட்டாள்.

திரும்பும்போது கல்லடிப் பாலத்தில் ஓட்டோ வாகன நெரிசலில் நின்றது. வாவிக் காற்று வந்தது. "அண்ணன், நான் சத்தமாச் சொன்னனா?" என்று கேட்டாள். பாலம் வரைக்கும் கேட்டிருக்கும் என்றேன். அவள் சிரித்துவிட்டு அழுதாள்.

எனக்கும் இப்போது படியேறினால் மூச்சு வாங்குகிறது. அதைப் பூமணியிடம் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன். ஆனால் வலது கையில் இன்னும் பிடி இருக்கிறது. அன்றைக்குப் பனிச்சங்கேணியில் பிடித்த கை அது. நீ இன்னும் "விடு" என்று சொல்லவில்லை.