லியா ஜெபம் சொன்ன நாள்

என் அன்பு ரூத் அக்கா,

உங்கள் முதல் வருஷ நினைவு நாள் முடிந்து ஒரு வாரமாகிறது. அன்றே உங்களுக்கு எழுத நினைத்தேன். உங்கள் ஆட்கள் பேசியதைக் கேட்டு வந்த அலுப்பு இன்னும் தீரவில்லை.

அல் குசைஸ் கிளினிக்கில் நாம் பன்னிரண்டு வருஷம் சேர்ந்து நர்ஸ் வேலை பார்த்தோம். துபாயில் யூதர்கள் இருப்பதே உங்களால்தான் எனக்குத் தெரியும். "எங்காளுங்க சண்டை போட்டுட்டே இருப்பாங்க ஜெசி, நீ கண்டுக்காத," என்பீர்கள் உங்கள் பெரம்பூர்த் தமிழில். எப்படிக் கண்டுகொள்ளாமல் இருப்பது?

தாய்க்காகப் பிள்ளை சொல்லும் ஜெபத்தை உங்கள் மகள் லியா தானே சொல்ல ஆசைப்பட்டாள். பத்துப் பேர் கூடினால்தான் அதைச் சொல்லலாமாம். உங்கள் தம்பி சாலமன் வீட்டில் அவரையும் சேர்த்து ஆண்கள் எட்டே பேர். லியாவையும் அமெரிக்காவிலிருந்து வந்த டீச்சர் மிரியத்தையும் சேர்த்தால் பத்து.

"சேர்க்க முடியாது," என்றார் எஸ்ரா பெரியவர், அந்த பஹ்ரைன் துணிக்கடைக்காரர். எல்லாரும் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன். "பத்து ஆம்பளைங்க வேணும். என் அப்பா காலத்துலேயும் அப்படித்தான்."

மிரியம் விடவில்லை. "கடைசி வரைக்கும் அம்மாவைக் குளிப்பாட்டினது மக. கணக்குல மட்டும் அவ கிடையாதா?"

சாலமன் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டே, "மெதுவாப் பேசுங்க. இப்ப போர் நடக்கிற நிலைமையில நாம கூடினதே அதிகம்," என்றார்.

"ஒளிஞ்சு கும்பிடவா இங்க வந்தோம்?" என்றார் வேலைக்காக இங்கே வந்த ஓர் இளைஞர்.

"நீ வந்து மூணு வருஷம். நான் முப்பது வருஷமா சத்தம் போடாம இருந்து பழகினவன்," என்றார் சாலமன்.

ஒவ்வொருவர் பேசும்போதும் அவர் சொல்வதே சரி என்று எனக்குப் பட்டது. எங்கள் ஊர்த் திருவிழாக் கமிட்டியில்கூட இப்படி அலுத்துப்போனதில்லை.

லியா எழுந்து பெரியவர் முன்னால் போய் நின்றாள். "அங்கிள், நான் சொல்லத்தான் போறேன். நீங்க போயிட்டா ஒன்பது பேர்தான்."

"தெரியும். அதான் உக்காந்திருக்கேன்," என்றார். "ஆனா என்னை ஆமென் சொல்லச் சொல்லாத."

சொன்னாள் அக்கா. இரண்டு இடத்தில் நாக்கு தடுமாறியது. பெரியவர் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாய் மட்டும் திறக்கவில்லை. ஆமென் எங்கள் மாதா கோயிலிலும் சொல்வதுதானே என்று, கிச்சன் வாசலில் நின்றபடி நானும் சொல்லிவிட்டேன். அது தப்பா?

அதோடு எல்லாரும் சமாதானமானார்கள் என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. மிரியம் தன் ஃபிளாட்டில் தனிக் கூட்டம் ஆரம்பித்துவிட்டாள். பெரியவரின் ஆட்கள் அந்தப் பக்கம் போவதில்லை. சாலமன் எங்கேயும் போவதில்லை. "ஆன்ட்டி, அம்மா இருந்திருந்தா எங்க போயிருப்பாங்க?" என்று லியா கேட்கிறாள்.

ஒன்று மட்டும் உங்களுக்கு உறுதியாகச் சொல்கிறேன். அவளை எந்தப் பக்கமும் நான் தள்ள மாட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் எங்கே போக நினைத்தாலும் நானே காரில் கொண்டுபோய் விடுவேன். பெரியவர் வீட்டுக்கென்றால் தெருமுனையிலேயே இறக்கிவிடுவேன். வெள்ளி சாயங்காலமே தொடங்கிவிடும் அவர்களது ஓய்வுநாளில் வண்டியில் வந்தால் அவருக்கு ஆகாது. ஜெபம் முடியும்வரை அங்கேயே நிற்பேன். உங்கள் மகள் தனியாக வீடு திரும்ப மாட்டாள்.

உங்கள் தங்கை, லியாவுக்குச் சித்தி,
ஜெசிந்தா