குளியலறைத் தாழ்ப்பாள்

அப்பா,

தையல் கடை வேலைக்குக் கிளம்பிவிட்டேன். மதியம் வந்து உங்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன். மனச்சோர்வுக்குப் போடும் அந்தக் கெட்டமின் ஊசிக்கு முன்னால் எதுவும் சாப்பிடக் கூடாதாம். சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறேன், திரும்பி வந்து சாப்பிடலாம். ஊசி போட்ட நாளில் வண்டி ஓட்டக் கூடாது என்பதால் ஸ்கூட்டர் சாவி என்னிடம் இருக்கிறது. போன தடவை ஊசி மயக்கத்தில், "கூரை மிதக்குதும்மா" என்று சிரித்தீர்கள். பட்டாளத்திலிருந்து வந்த பிறகு நீங்கள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

நேற்று, "தாழ்ப்பாளக் கழட்ட நீ யாருடி, எனக்குக் காவலா?" என்று கத்தினீர்கள். நீங்கள் குளியலறைக்குள் போய் வெகுநேரம் வராத பயத்தில், வெளியே வந்ததும் கழற்றிவிட்டேன். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவள் சிப்பாய்க்குக் காவல் நின்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள். மாட்டிக்கொண்டதும் நான்தான். குளிக்கும்போது நீங்கள் கதவைத் திறந்துவிடாமல் இருக்கச் சத்தமாகப் பாட வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டு நாய் கூடவே ஊளையிடுகிறது.

செத்துப்போகலாம் என்ற நினைப்பு வருகிறதா என்று உங்களிடம் நேராகவே கேட்கச் சொன்னார் டாக்டர். கேட்பதால் எதுவும் கெட்டுப்போகாதாம். திருகாணியைக் கழற்றத் தெரிந்த எனக்கு வாயைத் திறக்கத் தெரியவில்லை. அதனால் எழுதிக் கேட்கிறேன். இன்றைக்கு அந்த நினைப்பு வருகிறதா அப்பா? வந்தால் மதியம்வரை காத்திருக்காமல் எனக்குப் போன் பண்ணுங்கள். முதலாளியம்மா திட்டினால் திட்டட்டும்.

பி.கு.: போனில் பேச்சு வராவிட்டால் பேச வேண்டாம், கூப்பிட்டால் போதும். எனக்கும் பேச வராது, ஓடி வர மட்டும் வரும்.